பென்ஸ் ஏன் சிலுப்பல

மே 8

பிளஸ் டூ ரிசல்ட் வந்துருச்சு. கெமிஸ்ட்ரி ஊத்திக்கிச்சு. மத்த அஞ்சும் பாஸ். இதப்பத்தி இதுக்கு மேல எழுதப்போறதில்ல.

ரிசல்ட் பாக்க கிணத்து மேட்டுக்குப் போயிருந்தேன். வீட்டுல போன் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், அங்கதான் சிக்னல் நல்லா கிடைக்கும். பாத்துட்டு அப்படியே சுவத்து மேல உக்காந்துட்டேன். கொஞ்ச நேரந்தான். அதுக்குள்ள எங்கம்மா வரப்புல ஓடி வருது, தல அவுந்து கெடக்கு. வந்து இழுத்த இழுப்புல என் முழங்கை செராச்சிருச்சு. முதுகுல ரெண்டு வேற வச்சுச்சு. அப்பறம் கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. ஒரு பாடத்துக்கு இவ்ளோ சீனா? திரும்பி வர்றப்ப பாத்தா அது கால்ல ஒத்தச் செருப்புதான் இருக்கு. வரப்பு பூராம் தேடியாச்சு, இன்னொன்ன காணல.

ஒரே நல்ல விசயம், பென்ஸ் இன்னிக்கி இருபத்தெட்டு கிலோ!!! எட்டு மாசத்துல! எவன் வளப்பான் இப்படி?

பின்னாடி நானே படிச்சா புரியணும்ல, அதுக்காக எழுதி வைக்கிறேன். பென்ஸ் எங்க கிடா. கருப்பு, நெத்தில மட்டும் வெள்ளையா கார் சின்னம் மாதிரி ஒரு சுழி. போன வருசம் அம்மா மகளிர் குழுவுல ஆட்டுக் கடன் எடுத்து ஒரு ஆடு வாங்குச்சு, பேரு சுந்தரி. அது போட்ட குட்டி இவன். அம்மா வாங்குனதோட சரி, வளத்தது பூரா நானு. எனக்கு யாரும் சொல்லித்தரல. எல்லாம் மந்தை மகேஷ் அண்ணன் யூடியூப் சேனல். தாது உப்புக் கட்டி, குடற்புழு மருந்து, வாராவாரம் எடை, எல்லாமே தலைவன் வீடியோ. ஒருதடவ என் கமெண்டுக்கு ஹார்ட் போட்டாரு. அதத்தான் போன்ல வால்பேப்பரா வச்சிருக்கேன்.

என் சேனல் 'சங்கவி ஆட்டுப்பட்டி'. 212 சப்ஸ்கிரைபர். ஞாயித்துக்கிழமை பென்ஸ் குளியல்னு ஒரு வீடியோ போடுவேன். ஆட்டுக்குத் தண்ணின்னாலே ஆகாது, குதிச்சு ஓடும். இவன குட்டிலருந்தே ஷாம்பு போட்டுப் பழக்கிட்டேன். குடங்குடமா ஊத்துனாலும் கண்ண மூடிக்கிட்டு நிப்பான்.

பக்ரீத்துக்கு இவன வித்தா கடன் அடைஞ்சிரும். அடைஞ்சா குழுவுக்கே அடுத்த கடன் பெருசா வரும். அஞ்சு ஆடு, பரண் மேல கொட்டாய். காலேஜாவது மண்ணாவது.

மே 12

என்னைய மூணு நாளு சித்தி வீட்டுல கொண்டுபோயி விட்டுருச்சு அம்மா. சித்தி நான் பாத்ரூம் போனாக்கூட வாசல்ல வந்து நின்னு "சங்கு, சங்கு"னு கூப்புடுது. போதும்டா சாமின்னு வந்துட்டேன்.

வந்து பாத்தா பென்ஸோட எடது காது நுனி லேசா அறுத்திருக்கு! மஞ்சப்பொடி அப்பி வச்சிருக்கு.

"என்னம்மா இது?"

"ஒரு அடையாளத்துக்கு."

மகேஷ் அண்ணன் போட்டாரு இந்த டாபிக்! காதுல வெட்டு வச்சு அடையாளம் பண்றது, வெளிநாட்டுல பெரிய பெரிய பண்ணைல எல்லாம் அப்படித்தானாம். எங்கம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? நான் சவுண்டா வச்சுப் பாக்குறப்ப காதுல விழுந்திருக்கும் போல. எங்கம்மா பஞ்சவர்ணம் வேற லெவல்.

அம்மா ஒரு கால்ல அதோட நீலச் செருப்பும் இன்னொரு கால்ல அப்பாவோட பழைய செருப்பும் போட்டுக்கிட்டு திரியுது. அப்பா விஜயவாடால முறுக்குக் கடைல நிக்கிறாரு, அவருக்குத் தெரியாது அவரு செருப்பு இங்க நூறு நாள் வேலைக்குப் போறது. புதுசு வாங்குமான்னா "இதே போதும்"ங்குது.

மே 15

பென்ஸ் ஃபேமஸ் ஆயிட்டான்!!!

கயித்த அறுத்துக்கிட்டு சந்தனம் அத்தை கடலைக் கொல்லைல எறங்கிட்டான். சந்தனம் அத்தை யாருன்னா எங்க குழுத் தலைவி. கோழி வேலி தாண்டுனாலே ஏழு தலமுறைய இழுத்து வையும். இன்னிக்கி கொல்லைல நின்னு பென்ஸு மேயிறத பாத்துக்கிட்டே இருக்கு. ஒரு வார்த்த வையல!

"அத்தை, மன்னிச்சுக்கங்க, இந்தா ஓட்டிட்டுப் போயிர்றேன்."

"இருக்கட்டும்டி. வாயில்லா சீவன், தின்னுட்டுப் போகுது."

டீக்கடைல வாழப்பழம் குடுக்குறாங்க. ஃப்ரீ! போறப்ப வர்றப்ப அவன் நெத்தியத் தொட்டுட்டுப் போறாங்க. குளியல் வீடியோ 1,400 வியூஸ் போயிருக்கு, அதான். ஊருல யாரும் லைக் போடல, ஆனா எல்லாரும் பாத்திருக்காங்க. கமுக்கமா பாக்குறது, லைக் போட மட்டும் கை வலிக்கிது. ஊராய்யா இது.

மே 19

செவ்வாக்கிழமை. குழு மீட்டிங் எங்க வீட்டுல. பத்து பேரும் வரிசையா உக்காந்திருக்காங்க. தினகர் சாரு பைக்க நிறுத்திட்டு வந்தாரு. அவருதான் கடன் குடுக்குற கம்பெனி ஆளு. வயசு இருபத்தஞ்சு இருக்கும், எல்லாரையும் அக்கா அக்காங்குறாரு.

"அக்கா, எல்லாரும் இந்த ரவுண்ட முடிச்சாத்தான் அடுத்தது. ஒருத்தர் நின்னாலும் பத்து பேருக்கும் நிக்கும். நான் என்ன பண்ணட்டும், மேலருந்து கேக்குறாங்க."

அம்மாதான் பின்தங்கி இருக்கு. எல்லாரும் வேற எங்கயோ பாக்குறாங்க. எனக்குத் தாங்கல. எந்திரிச்சு, "பக்ரீத்துக்கு பென்ஸ வித்து மொத்தமா கட்டிருவோம் சார்"னேன்.

சந்தனம் அத்தை அம்மாவப் பாக்குது. அம்மா தரையப் பாக்குது.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்"னுச்சு அம்மா.

அப்பறம்னா எப்ப? பக்ரீத் என்ன எங்களுக்காக வெயிட் பண்ணுமா? இவங்கள வச்சுக்கிட்டு ஒண்ணும் கிழிக்க முடியாது. நானே இறங்குறேன்.

மே 22

எழுதவே பிடிக்கல. ஆனா எழுதுறேன்.

அம்மா வேலைக்குப் போனதும் பக்கத்து ஊரு குட்டியானை வண்டிய வரச்சொல்லி பென்ஸ சந்தைக்கு ஏத்திட்டுப் போனேன். நேத்தே குளிப்பாட்டி வச்சிருந்தேன், சும்மா மின்னுறான். எறக்குன ஒடனே நாலு பேரு சுத்தி நின்னுட்டாங்க. ஒரு தரகரு, மீசை வெள்ளையா, "யாத்தா, என்ன தீனி போட்ட?"ன்னு கேட்டாரு. எனக்கு ஒரே பெருமை. துண்டுக்குள்ள கையக் குடுக்கச் சொன்னாரு, அங்க வெலைய வாயால சொல்ல மாட்டாங்க, வெரலப் புடிச்சுத்தான் பேசுவாங்க. நானும் மகேஷ் அண்ணன் வீடியோல பாத்த மாதிரியே கையக் குடுத்தேன். அவரு என் வெரலப் புடிச்சுக்கிட்டே இன்னொரு கையால பென்ஸு தலயத் தூக்கிப் பாத்தாரு.

காதப் பாத்தாரு. பட்டுனு கைய உருவிட்டாரு. கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

"என்னத்தா, சாமிக் கிடாவக் கொண்டாந்து நிறுத்தியிருக்க?"

"சாமிக் கிடாவா? இல்லைங்கய்யா, அது அடையாளம். காதுல வெட்டு வைக்கிறது. பண்ணை முறை."

பக்கத்துல இருந்தவரு சிரிச்சாரு. "பண்ணை முறையா? யாத்தா, காதறுத்து நேர்ந்துவிட்டா அது சாமி சொத்து. நாங்க தொட்டா எங்க குடும்பம் வெளங்குமா? ஓட்டிட்டுப் போ."

அதுக்கப்பறம் ஒருத்தரும் பக்கத்துல வரல. உச்சி வெயில்ல நானும் பென்ஸும் மட்டும் நிக்கிறோம். வண்டிக்காரரு திரும்பக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னுட்டாரு, தெரிஞ்சிருந்தா ஏத்தியிருக்கவே மாட்டாராம். ரெண்டு பேரும் நடந்தே வந்தோம். வர்ற வழில ஊர் எல்லைல சோணைசாமி கோயிலு. பென்ஸு அங்க நின்னு வேப்பங்குழை திங்கிறான், லூசு.

இப்பத்தான் புரியுது. கடலைக் கொல்லை, வாழப்பழம், நெத்தியத் தொடுறது. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. 1,400 வியூஸாம்.

சந்தனம் அத்தை வாசல்லயே நின்னுச்சு. "பைத்தியக்காரி, சந்தைக்கா ஓட்டிட்டுப் போன? நீ பாஸாகணும்னு உங்கம்மா சோணைசாமிக்கு நேர்ந்து விட்டிருக்காடி. நாங்களே பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கோம். வித்தாத்தான் எங்களுக்கும் அடுத்த கடன். ஆனா சாமிக்கு விட்டத விக்கச் சொல்லி எவ வாயத் தொறப்பா?"

அம்மாகிட்ட கத்துனேன். "என்னையக் கேட்டியா? வளத்தது யாரு? நான் பாஸாகுறதுக்கு அவன் சாகணுமா?"

அம்மா சோறு போட்டுக்கிட்டே, "அதுக்குத்தான்னு வச்சுக்க"னுச்சு.

வச்சுக்கவா? என்ன பேச்சு இது?

மே 24

மந்தை மகேஷ் அண்ணன் லைவ் வந்தாரு. பதினேழு தடவ கமெண்ட் போட்டேன். "அண்ணா, சாமிக்கு விட்ட கிடாவ காப்பாத்த வழி இருக்கா?" கடைசில படிச்சாரு!!! என் பேர சொல்லிப் படிச்சாரு!!!

"தங்கச்சி சங்கவி, அய்யய்யோ, அந்த விசயத்துல நம்ம தலையிடக் கூடாதும்மா. அடுத்த கேள்வி, புண்ணாக்கு பத்தி."

வால்பேப்பர மாத்திட்டேன்.

மே 28

பக்ரீத். பென்ஸ் வேலிய மேஞ்சான்.

ஜூன் 9

அம்மா சுந்தரிய வித்துருச்சு. பென்ஸோட அம்மா. செனையா வேற இருந்துச்சு. தினகர் சாரு இன்னிக்கி ரொம்ப சந்தோசம், "பாத்தீங்களா அக்கா, மனசு வச்சா முடியும்"னாரு. பத்து பேருக்கும் அடுத்த கடன் ஓகே ஆயிருச்சு. ஒன்பது பேரு ஆடு வாங்கப் போறாங்க. எங்களுக்கு வர்ற காசு ஒழுகுற கூரைக்குப் போயிரும், அம்மா சொல்லிருச்சு.

ஆடு வாங்கக் கடன் எடுத்து, அந்தக் கடனடைக்க ஆட்ட வித்து. என் பிளான்ல எங்கயும் இது இல்ல. சந்தனம் அத்தை மட்டும் போறப்ப அம்மா தோளத் தொட்டுட்டுப் போச்சு.

பென்ஸ் மூணு நாளா கத்துறான்.

ஜூன் 21

துணைத் தேர்வு வருது. புக்க எடுத்தேன். கரண்ட் இல்ல.

ஜூன் 22

கரண்ட் இருந்துச்சு. தலவலி.

ஜூன் 24

அம்மா டீ போட்டுக் குடுத்துட்டு பக்கத்துலயே உக்காந்திருக்கு. "படிக்கலன்னாலும் பரவால்லடி, சாப்புடு"ங்குது. பாஸாகணும்னு சாமிக்கு நேர்ந்துவிட்டுட்டு படிக்கலன்னாலும் பரவால்லயாம். இந்தம்மாவ புரிஞ்சுக்கவே முடியல.

ஜூன் 29

கெமிஸ்ட்ரி எழுதியாச்சு. பேப்பர் கஷ்டம். அவ்ளோதான்.

அஞ்சு மார்க்குல ஒண்ணு, எலுமிச்சம்பழத்துல என்ன அமிலம், சோப்பு எப்படி அழுக்க எடுக்குதுன்னு. சோப்போட ஒரு முனை எண்ணெயப் புடிக்கும், இன்னொரு முனை தண்ணியப் புடிக்கும், நடுவுல அழுக்கு மாட்டிக்கும். தெரியும். எழுதல. கை வலிச்சுச்சு.

ஜூலை 24

ஃபெயில்.

இந்தத் தடவ வீட்டுலயே பாத்தேன், ரொம்ப நேரம் சுத்திட்டு வந்துச்சு. நிம்மதியாத்தான் இருந்துச்சு. பென்ஸ் கழுத்தக் கட்டிக்கிட்டேன். அம்மா என்னையத் தேடி அடுப்படிலருந்து ஓடி வந்துச்சு, நான் தொழுவத்துல இருக்கத பாத்துட்டு நெஞ்சுல கை வச்சுக்கிட்டு உக்காந்துருச்சு.

"ஃபெயில்மா."

"சரி, போகுது."

"அப்ப பென்ஸ வெட்ட மாட்டல்ல? நான்தான் பாஸாகலயே."

அம்மா என்னைய ஒரு மாதிரி பாத்துச்சு.

"நீ பாஸாகுறதுக்குன்னு யாரு சொன்னது?"

"சந்தனம் அத்தை. நீயும்தான் சொன்ன."

"ஊருக்கு வேற என்னத்தச் சொல்ல? அன்னிக்கி கிணத்துச் சுவத்துல உன்னைய உசுரோட பாக்கணும்னு ஓடி வர்றப்பவே வேண்டிட்டேன்டி. பாத்துட்டேன். சாமி அன்னிக்கே குடுத்துருச்சு. நாந்தான் இன்னும் குடுக்கல. அடுத்த வெள்ளிக்கிழம செஞ்சிரணும்."

நான் சிக்னலுக்குத்தான் போனேன்னு சொன்னேன். அம்மா சரின்னுச்சு.

சோப்பு கேள்வி. அஞ்சு மார்க்கு. தெரிஞ்சும் எழுதல. இனி மார்ச்லதான். எதுக்கு? எதுக்கு விட்டேன்? தலைய எங்கயாவது கொண்டு போயி முட்டிக்கலாம் போல இருக்கு.

ஜூலை 25

எங்க ஊருல வெட்டுறதுக்கு முன்னாடி கிடா மேல மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க. அது ஒடம்பச் சிலுப்புனாத்தான் சாமி சம்மதிச்சிருச்சுன்னு அர்த்தம். எல்லாக் கிடாவும் சிலுப்பும். தண்ணி பட்டா ஆடு சிலுப்பாம என்ன பண்ணும்.

ஜூலை 26

வெயில் ஜாஸ்தி. பென்ஸ குளிப்பாட்டுனேன்.

ஜூலை 27

குளிப்பாட்டுனேன்.

ஜூலை 28

காலைல ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ. தலைல, காதோரத்துல, எல்லா எடத்துலயும் ஊத்துனேன். கழுத்துக்கடில சொரிஞ்சு விட்டா தலயத் தூக்கிக் குடுக்குறான். கடைல ஷாம்பு பாக்கெட் சரம் தீந்துருச்சு, "யாருக்குடி கல்யாணம்?"னு கேக்குறாரு கடைக்காரரு.

ஜூலை 30

வெயில்.

ஜூலை 31

ஆடி வெள்ளி. மைக் செட்டு, பந்தல், ஊரே கோயில்ல. எங்களோடது மூணாவது கிடா. மொத ரெண்டும் தண்ணி பட்ட ஒடனே சிலுப்புச்சு, முடிஞ்சுச்சு. நான் பாக்கல.

பென்ஸுக்கு மாலை போட்டாங்க, பாதி மாலையத் தின்னுட்டான். பூசாரி வெள்ளைச்சாமி மாமா செம்புத் தண்ணிய எடுத்து முதுகுல ஊத்துனாரு. "உத்தரவு குடு சாமி!"

பென்ஸ் கண்ண மூடிக்கிட்டான்.

இன்னொரு செம்பு. தலைல. அசையல. கொட்டு பெருசா அடிச்சாங்க. அப்பறம் ஒண்ணு மாத்தி ஒண்ணா நாலு கொடம். பென்ஸ் தலயத் தூக்கி கழுத்தக் குடுத்துக்கிட்டு நிக்கிறான், சொரிஞ்சு விடச் சொல்லி. நான் தரையவே பாத்துக்கிட்டு இருந்தேன்.

சந்தனம் அத்தைதான் வாயத் தொறந்துச்சு. "என்னடி இது, குத்தாலத்துக்கு வந்த மாதிரி நிக்கிது?"

கூட்டம் சிரிச்சிருச்சு. ஒரு ஆளு காதுக்குள்ள தண்ணி விடலாம்னாரு. பூசாரி மாமாவுக்குக் கோவம் வந்துருச்சு. "சாமிகிட்டயே தில்லுமுல்லா? நாலு கொடம் ஊத்தியாச்சு. அதுக்கு இஷ்டமில்ல. அடுத்த வருசம் கேப்போம். ஓட்டிட்டுப் போ பஞ்சவர்ணம்."

அருவா புடிச்சிருந்தவரு பீடியப் பத்த வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. அம்மா மொகத்தப் பாத்தேன். சிரிக்கவும் இல்ல, அழுகவும் இல்ல. கயித்த என் கைல குடுத்துட்டு முன்னாடி நடந்துச்சு.

ஆகஸ்ட் 2

அம்மா என்னைய விட்டு நகர மாட்டேங்குது. கடைக்குப் போனா பின்னாடி வருது. தொழுவத்துக்குப் போனா வாசல்ல நிக்கிது. மே மாசம் மாதிரியே திரும்ப ஆரம்பிச்சிருச்சு. சாமி கிடாவ எடுத்துக்கலன்னா குடுத்தத திரும்பக் கேக்கும்னு பயமா?

ஷாம்பு விசயத்தச் சொன்னா பயம் போயிரும். ஆனா அடுத்த வாரமே அம்மா பென்ஸ திரும்பக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிரும். சொல்லலன்னா இது இப்படியே பயந்து பயந்து சாகும். யாருகிட்ட கேக்குறது? மகேஷ் அண்ணன்கிட்டயா? புண்ணாக்கு பத்திச் சொல்லுவாரு.

ஆகஸ்ட் 4

குழு மீட்டிங் முடிஞ்சதும் சந்தனம் அத்தை போகாம நின்னுச்சு. கைல கயிறு, கயித்துல புதுசா வாங்குன ஆடு, அது வால ஆட்டிக்கிட்டு கத்திக்கிட்டே இருக்கு.

"சாமியே இப்பத்திக்கி வேணாமுன்னுருச்சு. சும்மாதான நிக்கிறான் உங்க மாப்ள. சேத்து விடுடி. ரெண்டு குட்டி போட்டா ஒண்ணு உங்களுக்கு."

"ஒண்ணே ஒண்ணு போட்டா?"

"அப்ப அடுத்த ஈத்துல. வக்கீலா நீ? பேச்சப் பாரு."

வெளில பாத்தா குழுவுல இன்னும் ரெண்டு பேரு ஆட்டோட நிக்கிறாங்க. சாமிக் கிடா குட்டின்னா சீக்கு வராதாம். தாது உப்புக் கட்டி வாங்கிப் போட்டது யாரு? ஒருத்தரும் கேக்கல. தினகர் சாரு போட்டோ எடுத்தாரு, "மேல காட்டணும்"னாரு. நான் எம் மூஞ்சிய மறைச்சுக்கிட்டேன்.

அம்மா அப்பவும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு, ஆட்டப் பாக்கல.

ஆகஸ்ட் 5

வீடியோ ஏத்தலாம்னு சாயந்தரம் கிணத்து மேட்டுக்குப் போனேன். மூணு மாசத்துல இன்னிக்கித்தான் போறேன். பின்னாடி சத்தம், ஒரு கால் ஒரு மாதிரி, இன்னொரு கால் ஒரு மாதிரி, ரெண்டு செருப்பு சத்தம். கடுப்பாயிருச்சு.

"ஏம்மா இப்படி பின்னாடியே வர்ற? சாமி ஒண்ணும் பண்ணாதும்மா. அவன் ஏன் சிலுப்பலன்னா..."

"ஷாம்பு வாசம் எனக்குத் தெரியாதாடி?"

அம்மா வந்து பக்கத்துல உக்காந்துச்சு, சுவத்துல இல்ல, கீழ மண்ணுல. என் கையப் புடிச்சு இழுத்து என்னையவும் கீழ உக்கார வச்சுச்சு.

"தெரிஞ்சுமா சும்மா நின்ன?"

"நாலாவது கொடம் ஊத்துறப்ப உன் மொகத்தப் பாத்தேன். சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், அது எனக்கும் அதுக்கும். நீ எனக்குப் பதில் சொல்லு." அப்பறம் கேட்டுச்சு, "அன்னிக்கி சிக்னலுக்குத்தான் வந்தியா?"

சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். சோப்பு கேள்வியவும் சொன்னேன். இங்க எழுத மாட்டேன்.

எந்திரிக்கிறப்ப ரெண்டு பேரும் சேந்து கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தோம். தண்ணில ஒரு ஓரமா, பாசியோட பாசியா, அம்மாவோட நீலச் செருப்பு மெதந்துக்கிட்டு இருக்கு. வரப்பு பூராம் தேடுனோம், இங்க பாக்கல. அன்னிக்கி என்னைய இழுத்தப்ப விழுந்திருக்கு.

வாளிய விட்டு எடுத்தோம். அஞ்சாறு தடவ நழுவி நழுவிப் போச்சு, அம்மா அத வையிது, நான் சிரிக்கிறேன். வார் அறுகல. அம்மா அப்பா செருப்ப கழட்டிக் கைல வச்சுக்கிட்டு, ஈரத்தோட அத மாட்டிக்கிட்டு, சளக் சளக்குனு முன்னாடி நடந்துச்சு. ஒருதடவகூட திரும்பிப் பாக்கல.